உம் கொட்டும் குகை

“ம்” என்று கேட்டதும் அமிர்தவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நேற்றிலிருந்து தொண்டை அடைத்துக் குரலே எழும்பாமல் பாயில் கிடந்த மகள் சொர்ணம் உம் கொட்டிவிட்டாள். டாக்டரைக் கூட்டிவர கந்தர்வக்கோட்டைக்கு வண்டி கட்டிப் போயிருக்கும் புருஷன் சிவசாமி வந்தால், முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

முந்திரித் தோப்பின் மேல் அடித்த அந்தி மழை ஓட்டிலும் முற்றத்திலும் ஒரே இரைச்சலாக விழ, ஈர வைக்கோல் வாசத்தோடு விளக்கின் எண்ணெய்ப் புகையும் மடியிலிருந்த படக்கதைப் புத்தகத்தின் மை வாசமும் அறைக்குள் கலந்து கிடந்தன. கதையில், குகைக்குள் ஒரு ஊமைப் பூதம். யார் வந்தாலும் குரலைப் பிடுங்கிக்கொள்ளும். பறிபோன குரல்களை மீட்க விளக்கோடு போகிறாள் ஒரு சிறுமி. உம் கொட்டினால்தான் அடுத்த வரி என்பது தாயும் மகளும் வைத்திருந்த கணக்கு. நேற்று அந்தக் குகைப் படம் வந்த பக்கத்தில்தான் சொர்ணத்துக்குத் தொண்டை அடைத்தது.

வாசித்தாள். “ம்.” மறுபடி வாசித்தாள். “ம்.” சொர்ணம் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பிள்ளை ஆசையில் அவசரப்படுத்துகிறது என்று நினைத்தாளே, பைத்தியக்காரி. உப்பு ஒத்தடத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய கழுத்துக்கு மேல் சொர்ணத்தின் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். உதடுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. வேண்டாம், வேண்டாம் என்று தலை ஆடியது.

வாசிப்பதை நிறுத்தினாள்.

“ம்?”

மடியிலிருந்து வந்தது. புத்தகத்தை மூடினாள். உள்ளேயிருந்து அமுங்கலாக, மறுபடியும். சொர்ணத்தின் குரலேதான்.

எம்பிள்ளை குரல் இதுக்குள்ளயா இருக்கு? கடைசிப் பக்கத்தில் குரல்கள் திரும்பிவிடும், படத்தைப் பார்த்திருக்கிறாள். வாசித்து முடித்தால் போதும். திறந்தாள். மூச்சுவிடாமல் வாசித்தாள். வரிக்கு வரி “ம்.” கடைசி வரி. மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது.

“சொர்ணம்?”

“ம்.” இம்முறை பாயிலிருந்து.

கண்ணீர் முட்டியது. பிழைத்தது பிள்ளை.

“இன்னொரு தடவ வாசிங்க, ஆத்தா.”

சொர்ணம் ஒருநாளும் ஆத்தாளுக்கு ‘ங்க’ போட்டதில்லை. எப்போதும் “வாசி ஆத்தா”தான்.

பாய்ப் பக்கம் திரும்பவில்லை. முடியவில்லை. விரித்த பக்கத்தையே பார்த்தாள். விளக்கோடு வெளியே வந்துவிட்டாள் படத்துச் சிறுமி. அவளுக்குப் பின்னால் குகையின் இருட்டு. இருட்டுக்குள், அமிர்தவல்லி கட்டிவிட்ட அதே சிவப்புத் துணி கழுத்தில் கிடக்க, வாயை ஆவென்று திறந்தபடி ஒரு குழந்தை. சத்தமே இல்லை.