கடைசிக் கைதட்டலுக்குப் பிறகு

இரண்டாவது பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கைதட்டலுக்கு அடியில் புகழேந்தியின் வீட்டு கேட் கிறீச்சிட்டது.

ஏதோ ஒரு கேட் இல்லை. பாகூரில் அவர் குடியிருக்கும் வீட்டின் இரும்பு கேட். கீழ்க் கீல் துருப்பிடித்து, முதலில் நீளமாக முனகி, பிறகு இரண்டு தரம் விக்கி நிற்கும். எண்ணெய் விடுகிறேன், விடுகிறேன் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் டெக்கில் ஓடிக்கொண்டிருந்த கேசட்டின் அட்டையில் நீல மையில் எழுதியிருந்தது 'லியோன், 1974'. பிரான்சில் ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்த கச்சேரியில் பாகூர் கேட்டுக்கு என்ன வேலை?

அவர் டெக்கின் பக்கம் குனிந்தார். அதற்குள் வெளியே நிஜமாகவே கேட் முனகியது, இரண்டு தரம் விக்கியது. கீரைக்கட்டோடு மனைவி ஜெயா உள்ளே வந்தாள்.

"இன்னாங்க அப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

கடைத்தெருவில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு ராக் இசைப் பைத்தியம் பிடித்ததற்கு அடுத்த தெரு சொல்தா தணிகைவேல்தான் காரணம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்களை இந்தப் பக்கம் சொல்தா என்பார்கள். அவர் கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுத்தான் புகழேந்தி பதினாறு வயதில் கெட்டுப்போனார். லெட் செப்லின் பெரிதா, பிங்க் ஃப்ளாய்டு பெரிதா என்று யாராவது சண்டைக்கு வரமாட்டார்களா என்று முப்பத்தெட்டு வருடமாகக் காத்திருக்கிறார். பாகூரில் ஒருவரும் வரவில்லை.

ஸ்டூடியோவில் பதிந்த பாட்டெல்லாம் அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. மேடையில் வாசித்ததில்தான் வியர்வை இருக்கும் என்பார். டீப் பர்ப்பிள் ஜப்பானில் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே கடைக்குப் போக மறந்த நாட்கள் உண்டு. அதிலும் கூட்டத்தில் உட்கார்ந்து எவனோ ஒரு ரசிகன் கோட்டுக்குள் மெஷினை ஒளித்துப் பதிந்தது என்றால் உயிர். அவற்றில் பாட்டைவிட மற்றதுதான் ருசி. முன்வரிசை இருமல், உருளும் பாட்டில், சுருதி எட்டாத இடத்தில் பாடகன் கூட்டத்தைப் பாடவிட்டுத் தப்பிக்கிற சாமர்த்தியம். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது, பதிந்தவன் பட்டனை அமுக்குகிற அந்த 'டக்'. அதைக் கேட்காமல் எழுவது அவருக்குப் பந்தியில் மோர்ச்சோற்றுக்கு முன்னால் எழுவது மாதிரி.

சொல்தா ஆடியில் இறந்துபோனார். அவர் மருமகள் கலியம்மாள்தான் டெக்கையும் இந்த ஒரு கேசட்டையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்க மாமா கடைசியில இதையேதான் போட்டுனு கெடந்தாருண்ணே. ஆனா முடிவு வரைக்கும் ஒரு நாளும் வுடமாட்டாரு. நடுவுலயே நிறுத்திடுவாரு. இன்னாத்துக்கோ."

பழைய நாடாவில் இப்படி ஒரு கோளாறு உண்டென்று புகழேந்திக்குத் தெரியும். நாடா சுருளாகச் சுற்றிக் கிடக்கும்போது ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு ஒரு விநாடி முன்னாலேயே, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவதுபோல அதே பாட்டு மெல்லக் கேட்டுவிடும். வருவது முன்னாலேயே கேட்கும். அதெல்லாம் நாடாவுக்குள் இருப்பது. கேட் நாடாவுக்குள் இல்லை.

அடுத்த நாள் நான்காவது பாட்டின் நடுவே, கிடாருக்குப் பின்னால் எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. மூன்று நிமிடம் கழித்து எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. அதற்கடுத்த நாள் இரண்டாம் பக்கத்தைப் போட்டார். எண் காட்டும் சின்னச் சக்கரத்தில் முந்நூறு வந்தபோது, டிரம்ஸ்காரன் தனியாக வாசித்துக்கொண்டிருந்த இடத்தில், எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்டது. "அய்ய, போச்சு" என்றாள் ஜெயா, லியோனில். பதினைந்து நிமிடம் கழித்து அடுக்களையில் டம்ளர் விழுந்தது. அய்ய, போச்சு. நாடா உள்ளே போகப் போக, முன்னால் கேட்கிற தூரம் கூடிக்கொண்டே போனது.

அவர் டெக்கை நிறுத்தினார். ஆனாலும் ரசிகன் ரசிகன்தானே. கேசட்டை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மறுபடி ஒரு டம்ளர் கேட்டது, முந்நூற்று இருபதில். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கேசட்டின் தலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. உடைந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்தால் பதியலாம். அண்ணன்காரன் கேசட்டை அழித்துத் தன் பாட்டைப் பதிந்துகொள்ள அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்த திருட்டுத்தனம். இந்தக் கேசட்டிலும் துண்டு உடைந்திருந்த இடத்தில் புகழேந்தி பஸ் டிக்கெட் ஒன்றை மடித்துத் திணித்தார். பதிகிற சிவப்பு பட்டனை அமுக்கி, டம்ளர் விழுகிற அந்த நான்கு விநாடியை மட்டும் வெறுமையாக அழித்தார். அவர் வாழ்நாளில் ஒரு மேடைப் பதிவை அழித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினைந்து நிமிடம். இருபது. அடுக்களையில் டம்ளர் விழுகிற சத்தம் வரவேயில்லை.

சந்தோஷமாக எழுந்து போனார். ஜெயா தரையில் குந்தி, கொட்டிக் கிடந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டம்ளர் நசுங்கிக் கிடந்தது.

"காது அடைச்சாப்ல இருக்குங்க" என்றாள், சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்தபடி.

"மழைக் குளிரு" என்றார் அவர். நசுங்கின டம்ளர் வீட்டில் எத்தனையோ உண்டு. அவர் அதைப் பார்த்தார். ஆனால் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஐப்பசி மழை தெருவை இடித்துக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும், அடுக்களையில் வாழைக்காய் பஜ்ஜி வேகிற எண்ணெய் வாடையும் கூடத்தில் கலந்து நின்றன. புதுச்சேரியில் வேலை பார்க்கிற மகள் சிந்துவுக்கு அன்று அரைநாள். ஒரே மகள். பெரும்பாலும் ஏரிக்கரையோடு ஸ்கூட்டரில் வருவாள். அவள் வருவதற்குள் கேட்டுவிடலாம் என்று புகழேந்தி அன்றைக்குத்தான் இரண்டாம் பக்கத்தை முடிவு வரைக்கும் ஓடவிட்டார்.

கடைசிப் பாட்டு அருமையாக முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. தட்டல் மெலிந்தது, நாற்காலிகள் நகர்ந்தன. ஐந்நூற்று எழுபது. அப்போது மழை கேட்டது. அது கூரைக்கு அடியில் நடந்த கச்சேரி, அங்கே மழை பெய்ய வழியில்லை. மழைக்குள் ஒரு ஸ்கூட்டர். பிறகு சிந்துவின் குரல்.

"அப்பா..."

ஒரே ஒரு தரம். பிள்ளை கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவர் கேட்டிராத குரல். அதன் பின்னால் ஜெயாவின் அலறல். யாரோ ஓடுகிற காலடி, தடுமாறி, மிக அருகில். கடைசியாக 'டக்'. அதோடு பதிவு முடிந்தது.

ஏரிக்கரை. லாரி. என் பிள்ளை. போனில் சிந்துவை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள். அவர்தான் எடுக்காதே என்று சொல்லி வளர்த்தவர். எதிர்கொண்டு போகலாம் என்றால் கிருமாம்பாக்கம் வழியாக வருகிறாளா, வில்லியனூர் வழியாகவா என்று தெரியாது. கணக்குப் போட்டால் அது நடக்க இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

டம்ளர் நினைவுக்கு வந்தது. அழித்தேனே. விழவில்லையே.

நாடாவைப் பின்னால் ஓட்டினார். மறுபடி கேட்டார். மறுபடி ஓட்டினார். சரியான இடத்தைப் பிடிப்பதற்குள் அந்த 'அப்பா'வை ஏழு தரம் கேட்க வேண்டியிருந்தது. ஐந்நூற்று எழுபதில் நிறுத்தி, "முருகா" என்று சொல்லிச் சிவப்பு பட்டனை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நாடா மெல்ல நகர்ந்தது. மழை போகட்டும். குரல் போகட்டும். அலறல் போகட்டும். முடிவு வரை எல்லாம் போகட்டும், ஒரு துளி மிச்சம் இருக்கக் கூடாது.

தெருவில் ஹாரன் அடித்தது.

சிந்துவின் ஹாரன்தான். இரண்டு குட்டி, ஒரு நீளம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வந்துவிட்டாள். முழுசாக வந்துவிட்டாள். டெக்கை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

கேட்டைத் தள்ளினார். கேட் திறந்தது. முனகவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுந்தது, தெருவில் தெறித்தது, அவர் முகத்தில் அறைந்தது. சத்தம் இல்லை. ஒன்றும் பதியாத கேசட்டில் வருகிற 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும், மேலும் கீழும் போகாமல், ஒரே சீராக.

சிந்து ஸ்கூட்டரை நிறுத்தி ரெயின்கோட்டின் தொப்பியைத் தள்ளினாள். சிரித்தாள். ஏதோ சொன்னாள். அவள் வாயிலிருந்து 'ஸ்ஸ்' வந்தது. சிரிப்பு நின்றது. மறுபடி சொன்னாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். உதடு சேர்ந்தது, பிரிந்தது.

அப்பா.

உதட்டில் தெரிந்தது. கேட்கவில்லை.

ஜெயா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். மகளைப் பார்த்தாள். காதைப் பொத்தினாள். வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க அலறினாள். ஸ்ஸ். கரண்டி படியில் விழுந்து குதித்தது. ஸ்ஸ்.

நசுங்கின டம்ளர் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

டம்ளர் விழுந்திருக்கிறது. சத்தம்தான் விழவில்லை. டெக் இன்னும் ஓடுகிறது. இன்னும் அழிக்கிறது.

ஓடினார். ஈரக் கால் வழுக்கியது, தடுமாறினார், சுவரைப் பிடித்தார். தன் காலடி தனக்கே கேட்கவில்லை. எத்தனையோ தரம் கேட்ட காலடி. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அது வர வேண்டும். அது மட்டுமாவது வர வேண்டும்.

நிறுத்துகிற பட்டனில் விரலை வைத்து அமுக்கினார்.

பட்டன் உள்ளே போனது. டக் இல்லை.

விரலை எடுத்து மறுபடி அமுக்கினார். கட்டைவிரலால் அமுக்கினார். உள்ளங்கையால் அடித்தார். பிளக்கைப் பிடுங்கினார். ஒயர் கையோடு வந்தது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி மூடிக்குள் இரண்டு சக்கரமும் நிதானமாகச் சுற்றின. இடது பக்கம் நூல்கண்டு அளவு நாடா மிச்சம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அது குறையவே இல்லை. வாசற்படியில் மகளும் மனைவியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.