மழையில் பார்க்க வேண்டிய வீடு

"யாரது? அங்க என்ன பார்வை?"

குடையை வாள் மாதிரி நீட்டிக்கொண்டு கேட்டாள் ரெஜிலா. ஆனி மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற ரோட்டில், பாசனத் தண்ணீர் ஓடும் சானல் கரையை ஒட்டி நின்ற அந்த வெள்ளை வீட்டின் முன்னால் ஒருவன் தொப்பலாக நனைந்தபடி மொட்டைமாடி விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். மழை வந்தால் மனுஷன் வீட்டுக்குள் ஓடுவான். வெளியே வந்து நிற்கிறான் என்றால் ஒன்று திருடன், இல்லையென்றால் கிறுக்கன்.

அவன் திரும்பினான். இமையில் ஒரு துளி தொங்கியது... அது விழுவதற்குள் சிரித்துவிட்டான்.

"வீடு பாக்கேன்."

"வாங்கப் போறியளா?" ரெஜிலாவுக்குத் திக்கென்றது. தான் ஆசைப்பட்ட வீட்டுக்கு இன்னொரு ஆளா!

"அய்யோ, நான் வாங்கல்ல. வாங்குறவியளுக்காக வீட்டப் பாத்துச் சொல்லுறது எனக்க வேல. பேரு பிபின், இன்ஜினியர். ஒரு ஆளு இந்த வீட்டப் பாக்கச் சொன்னாரு. வந்து சேந்த பிறகு போன் பண்ணி, வேற வீடு முடிச்சாச்சுன்னு சொல்லுகாரு."

"பின்ன எதுக்கு நின்னு நனையுதிய?"

"நல்ல மழை இல்லியா... விட்டுட்டுப் போக மனசு வரல்ல. வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான். மழையிலதான் உள்ளது வெளிய வரும்."

கிறுக்கன்தான் என்று முடிவு செய்தாள். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் கழுவி வைத்தது போல இருந்த அந்தக் கண்கள் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ரெஜிலா மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். அப்பா இல்லை. அம்மா நேசபாய் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடு மாறி மாறியே காலம் தள்ளியவள்; பாத்திரங்களை அட்டைப்பெட்டியிலிருந்து முழுதாக எடுத்து அடுக்கினதே கிடையாது. அம்மாவை ஒரு சொந்த வீட்டில் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் மகளின் ஆசை. இதில் தப்பு நடந்தால் இன்னொரு வீட்டுக்கு அவளிடம் இன்னொரு மஸ்கட் இல்லை.

வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்ன பெரியவர்கள் வாங்கிப்பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்களோ! புரோக்கர் ஜான்ரோஸ் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் புரோக்கரின் பைக்கிலேயே வந்தார், நாலு சுவரைத் தட்டினார், "சூப்பர் வீடு" என்றார், அதே பைக்கிலேயே போனார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். அன்றிலிருந்தே ரெஜிலாவுக்கு உறுத்தல்.

"எனக்காக இந்த வீட்டப் பாத்துச் சொல்லுவியளா?" என்று கேட்டுவிட்டாள்.

"சொல்லுவேன். ஆனா ஒரு மழை போதாது. ஓங்கிப் பெய்யுற மழை பாக்கணும், நின்னு பெய்யுற மழையும் பாக்கணும். பொறுமை உண்டுமா?"

"மழை வரலன்னா?"

"காத்திருக்கணும்."

காத்திருந்தார்கள். மேற்கே மலைப்பக்கம் கறுத்தால் போதும், அவள் போன் சிணுங்கும். "மழை வருது... வாறியளா?" உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பெண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள், இப்படி யார் கூப்பிட்டிருப்பார்கள்? அவள் ஓடுவாள். புரோக்கர் கொடுத்த சாவியால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு அறையில் நின்று சுவரைப் பார்ப்பார்கள். அவன் உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஈரம் பார்ப்பான். நோயாளியின் நெற்றியில் தான் கை வைப்பது போலவே இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். மழை நிற்கும் வரை வாசற்படியில் உட்கார்ந்து, அவன் கொண்டுவந்த பழம்பொரியைத் தின்பார்கள்.

"அன்னா பாருங்க, அந்த நீலக் கேட்டு தெரியுதா? சானலுக்கு அக்கர... அது எனக்க வீடு," என்றான் ஒருநாள்.

"இவ்வளவு பக்கத்துலயா? பின்ன நான் கடுகு தாளிச்சா உங்களுக்குத் தும்மல் வரும்."

"வரட்டு," என்றான் அவன். சாதாரணச் சொல்தான்... ஆனால் வீடு போய்ச் சேரும் வரை அந்த 'வரட்டு' அவள் கூடவே நடந்து வந்தது.

இதற்குள் நேசபாய் ஒரு காரியம் செய்துவிட்டாள். வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் நடத்த, சர்ச் போதகரான ஐயருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிவு என்று கேள்விப்பட்டு, முந்திக்கொண்டு அதைப் பிடித்து வைத்துவிட்டாள். வீடு இன்னும் கைக்கு வரவில்லை, ஜெபத்துக்கு நாள் குறித்தாயிற்று! சபை முழுக்க வாழ்த்துச் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

கடைசி மழை வெள்ளியன்று வந்தது. பின்னறையில் ஜன்னலுக்குக் கீழே நூல் போல ஒரு வெடிப்பு. ரெஜிலா விரலால் அதைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்ன?"

அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவள் விரல் நின்ற இடத்தையே பார்த்தான். "மேல்பூச்சு வெடிப்பு... ஒண்ணுமில்ல," என்றான்.

அவள் மனசு குளிர்ந்துபோனது. வீடும் நல்ல வீடு... அக்கரையில் நீலக் கேட்டும்...

மறுநாள் காலையில் போன் வந்தது. வானத்தில் மேகமே இல்லை.

"ரெஜிலா, இந்த வீட்ட என்னால பாத்துச் சொல்ல முடியாது. குளச்சல்ல கிளீட்டஸ் அண்ணன்னு ஒரு இன்ஜினியர் உண்டு, அவரக் கூப்பிடுங்க. பின்னறைய நல்லாப் பாக்கச் சொல்லுங்க. அட்வான்ஸ் இப்போ குடுக்காண்டாம்."

"எதுக்கு? என்ன ஆச்சு?"

"காரணம் கேக்காதீங்க." வைத்துவிட்டான்.

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கைப்பிடித்துப் பாதி ஆற்றில் விட்டவன்! ஜான்ரோஸ் சும்மா இருப்பாரா? "நான் அப்பமே சொன்னேன். அவன் வாங்குறவனையும் விக்கிறவனையும் கொளப்பி விடுகவன்," என்று எண்ணெய் ஊற்றினார். ரெஜிலா நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இனி அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று சபதம் செய்தாள்; அவனோ கூப்பிடவே இல்லை. சபதம் வீணாய்ப் போன கோபம் வேறு.

அவன் சொன்ன ஆளைக் கூப்பிடக் கூடாது என்று மார்த்தாண்டத்தில் வேறு ஆள் தேடினாள். எல்லோரும் அடுத்த வாரம் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிளீட்டஸையே கூப்பிட்டாள்.

கிளீட்டஸ் ஐம்பது தாண்டிய முசுடு. வணக்கம் சொன்னதற்குக் கூட முனகினார். பின்னறை வெடிப்பில் பூச்சை ஓரமாகத் தட்டிப் பெயர்த்தார். வெடிப்பு பூச்சோடு நிற்கவில்லை. கல்லுக்குள் கீழே இறங்கிப் போயிருந்தது. வெளியே போய் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வந்தார்.

"பின்பக்கம் ஒரு காலத்துல குளமாக்கும் மக்கா. மண்ணு போட்டு நெரப்பி அதுமேல கட்டியிருக்கான். அது அமுங்கிட்டு இருக்கு. இந்த வீட்ட விட்டுரு."

ரெஜிலா அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாசலிலேயே நின்றாள். சொன்னதும் நேசபாய் மகளின் தலையைத் தடவினாள். "போட்டும் மக்களே. ஐயர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ அழாத," என்றாள். தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலையில் தூறல். ரெஜிலா குடையைக்கூட விரிக்காமல் சானல் பாலத்தைத் தாண்டி நீலக் கேட்டைத் தட்டினாள். பிபின் செருப்பில்லாமல் ஓடி வந்தான்.

"அந்த வீடு வேண்டாம்னு சொல்லியாச்சு," என்றாள்.

"கிளீட்டஸ் அண்ணன் சொன்னாரு."

"நான் வெடிப்பக் காட்டினப்போ ஒண்ணுமில்லன்னு சொன்னிய. எதுக்குப் பொய் சொன்னிய?"

"பொய் சொல்லல்ல... அத நான் பாக்கவே இல்ல. உங்க விரல் சுவத்துல இருந்துச்சு." அவன் தலை குனிந்தான். "நான் விரலத்தான் பாத்தேன்."

மழை இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாக விழுந்தது. அவள் கோபத்தைத் தேடினாள். காணவில்லை.

"அன்னைக்கு இங்க வந்து மாடியில நின்னேன். அந்தப் பின்னறை ஜன்னல் தெரியும். காலையில நீங்க அதுல வந்து நிப்பிய, நான் பாப்பேன்னு நினைச்சேன்... அப்பம்தான் பயந்துபோனேன். அந்த வீடு நல்ல வீடா இருக்கணும்னு எனக்கே ஆசை வந்தாச்சு. ஆசைப்பட்டவனுக்குக் குத்தம் கண்ணுல படுமா? உங்க அம்மையக் கொண்டு அந்தச் சுவத்துக்குள்ள இருத்திட்டு, நான் இங்க நின்னு பாத்துட்டு இருக்கவா?"

"அத போன்ல சொன்னா என்ன?"

"என்னன்னு சொல்ல? உங்க மேல ஆசையா இருக்கு, அதனால வேற இன்ஜினியரப் பாருங்கன்னா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அதோடு கண்ணீரும் வந்தது; மழையில் அவன் எதைக் கண்டானோ தெரியாது. தனக்கு லாபம் இல்லாமல் தன் கண்ணையே சந்தேகப்பட்டவனை விட்டுவிட்டு வேறு யாரை நம்புவது?

"அம்மைக்கு இனியும் வீடு தேடணும். வேற வீடு பாக்க வருவியளா?"

"மாட்டேன். நீங்க எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு இதே கதிதான். சுவரு கண்ணுல படாது."

"எனக்காகப் பாக்காண்டாம்..." அவள் குரல் இறங்கியது. முகம் சூடானது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. "நமக்குன்னு பாருங்க. தான் படுத்து ஒறங்கப் போற வீட்டுல வெடிப்பு இருந்தா எவனும் விட மாட்டான்."

பிபினின் இமையில் துளி சேர்ந்து, விழுந்து, மறுபடி சேர்ந்தது.

"ரெஜிலா... தெரிஞ்சுதான் சொல்லுதியளா?"

"தெரிஞ்சுதான். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு," என்றாள். "அம்மைக்குத் தனி அறை வேணும். வெள்ளம் எறங்காத அறையாப் பாருங்க."