இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று

மூன்றாம் மாடி மூலை அறையில் குளியலறைச் சுவர் இன்னும் டொக்கென்றுதான் ஒலித்தது. டைல்ஸுக்குப் பின்னால் கலவை நிறைந்திருந்தால் சத்தம் 'திக்'கென்று அடங்கும். வெற்றிடம் இருந்தால்தான் இந்த டொக். தட்டிப் பார்த்துச் சரி சொல்வது சூப்பர்வைசரம்மாவின் வேலை.

"இனிமே என்னால ஆகாதும்மா," என்றார் டைல்ஸ்காரர். "ரெண்டு தடவ பேத்து ஒட்டியாச்சு. ஒரு மூட்டை கலவைய முழுசா முழுங்கிட்டு நிக்குது."

"இந்தச் சுவத்துக்கு வீட்டுல சோறு போடலபோல," என்று சிரித்து அவரை அனுப்பினாள்.

கல்லூரிப் பிள்ளைகள் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்பு அது. இன்னும் சற்று நேரத்தில் குடிவருகிறார்கள். இந்த அறை அவள் மகளுக்கு. முதலாளியிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். தகப்பன் இல்லாத பெண்ணை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிய காலத்தில் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அது அம்மா. மற்ற எதற்கும் தாழ்ப்பாளைத் தொடக்கூடாது.

அந்த நினைப்பிலேயே இருந்ததால் கை தானாக அப்படியே தட்டிவிட்டது.

ஈர சிமெண்ட் வாடை அடித்தது. தூரத்தில் தரை தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. சுவருக்குள்ளிருந்து, யாரோ கவனமாகப் பாடம் ஒப்பிப்பதுபோல, இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

அந்தப் பக்கம் வெறும் வெளி. சாரத்தைக்கூடப் பிரித்தாகிவிட்டது.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். யாரிடம் சொல்ல? பைத்தியம் என்பார்கள். மகளை மட்டுமாவது வேறு அறைக்கு மாற்றிவிட வேண்டும். கீழே அலுவலகத்துக்கு விரைந்தாள். மேலாளர் சாவிப் பலகையைத் துழாவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள்.

"அம்மா, வாட்ச்மேன் அண்ணன் ரூமைத் திறந்து விட்டாரு. நீ ஏன் பாத்ரூம் சுவத்துக்குப் பின்னால இருந்து தட்டிட்டே இருக்க?"

"நான் கீழ இருக்கேன்டி. வெளிய ஓடி வா."

"விளையாடாதம்மா. நம்ம தட்டு எனக்குத் தெரியாதா? இரு, தாழ்ப்பா என் பக்கந்தான் இருக்கு."

எந்தத் தாழ்ப்பாள்? அந்தச் சுவரில் ஏது தாழ்ப்பாள்?

"தொடாதடி."

போனில் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

ஓடினாள். படிகளில் பெட்டிகள், பிள்ளைகள், சிரிப்பு. இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினாள். மூலை அறை. கட்டிலில் பை. குளியலறைத் தரையில் போன், இன்னும் வெளிச்சத்தோடு.

சுவரில் ஒரு கீறல் இல்லை.

விரலை மடக்கித் தட்டினாள். திக். பக்கத்தில். திக். மேலே, கீழே, மூலையில். திக். திக். இடைவெளியே இல்லை. நிறைந்துவிட்டது.

நெற்றியைச் சுவரில் வைத்து இரண்டு தட்டினாள். அப்புறம் ஒன்று.

ரொம்ப ஆழத்திலிருந்து, மெல்ல, பதில் வந்தது. அது மகளின் கை. அவளுக்குத் தெரியும்.

சுவர் முழுக்கத் தடவினாள். இந்தப் பக்கம் தாழ்ப்பாள் இல்லை.