கீழே யாரும் இல்லை

ஒலிபெருக்கியில் இரைச்சல்கூட இல்லை. பிலோமினாவை உறுத்தியது அதுதான்.

வியாழன் கோளைச் சுற்றும் யூரோப்பா நிலவின் பனிப்பாறைக்கு அடியில் ஒரு கடல். பாறையைக் குடைந்து இறக்கிய வடத்தின் நுனியில், அந்தக் கடலுக்குள் ஒரு கடற்செவி தொங்கிக்கொண்டிருந்தது. செவி என்றாலும் அது வெறும் படிகம்தான். சத்தம் பட்டால் மின்சாரம் தரும். அந்த மின்சாரம் வடம் வழியாக மேலேறி, பனிக்கூடம் என்ற ஆய்வு நிலையத்தின் ஒலியட்டைக்கு வரும். அட்டை சொல்வது கணினிக்குப் புரியாது, கணினி சொல்வது அட்டைக்குப் புரியாது. நடுவில் தூது போவதற்கு இயக்கி என்றொரு சின்ன நிரல் உண்டு.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும், கடற்செவியை இறக்கிய நாள்முதல் கடல் வாய் திறக்கவில்லை. நிலையத் தலைவர் குற்றாலிங்கத்துக்கு அதனால் நஷ்டமொன்றும் இல்லை. 'ஊமைக் கடல்' என்று அவர் எழுதிய ஆய்வு பூமியில் பாடப்புத்தகம்வரை போய்விட்டது. தினமும் சாப்பாடு முடிந்ததும் உணவுக்கூடத்தில் அணைக்காமலே கிடக்கும் மைக் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பூமிக்கு அறிக்கை சொல்வார். "மேலே அனைவரும் நலம். கீழே யாரும் இல்லை." அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தட்டு கழுவப் போவார்கள்.

யாரும் இல்லாத கடலுக்கு எதற்குச் செலவு என்று பூமியும் யோசித்துவிட்டது. வடம் இறங்கும் பனித்துளை உறைந்து மூடாமல் காக்கும் வெப்பத்தை இன்று மாலை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. ஒருமுறை மூடினால் இன்னொரு முறை குடைய யாரும் பணம் தரமாட்டார்கள்.

பிலோமினா, கடைசியாக வந்த கப்பலில்தான் ஒலிப்பொறியாளராக வந்து சேர்ந்தவள். தூத்துக்குடிக்காரி. அவளுடைய அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். காலிச் சங்கைக் காதில் வைத்தாலே ஓர் ஓசை கேட்கும் என்று அறிந்து வளர்ந்தவளுக்கு, ஒரு முழுக் கடல் துளிகூட இரையாமல் இருப்பது நம்பும்படியாக இல்லை.

"இது கடலோட அமைதி இல்ல அண்ணாச்சி. கணினிதான் நம்மகிட்ட எதையோ மறைக்கு" என்றாள்.

"ஏம்மா, ஒனக்கு முந்தி எத்தன பேரு பாத்துட்டுப் போயிருக்காவ" என்றார் குற்றாலிங்கம். "கருவி சரின்னுதான திரையில வருது?"

"கருவி சரின்னு வருது. அது என்ன கருவின்னு யாராவது கேட்டியளா?"

நிலையத்தில் ஓடியது கட்டற்ற இயங்குதளம். எவருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் உரிமை உண்டு. கெட்டுப்போனால் திட்டுவதற்கு முதலாளி கிடையாது. பூமியிலுள்ள இணைய மன்றத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் யாராவது புண்ணியவான் பதில் போடுவார். காலையில் பூமிக்கு அனுப்பிய கேள்விக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் பதில்கள் வந்து சேர்ந்தன. 'ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள்' என்றார் ஒருவர். 'முதலில் கையேட்டைப் படியுங்கள்' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் விருதுநகர்க்காரர். 'எங்கள் கல்யாண மண்டபத்தில் இதே அட்டைதான். ஒரு குறையும் இல்லை. நாதஸ்வரம் தெருமுனைவரை கேட்கிறது.'

முதல் இரண்டையும் அவள் எப்போதோ செய்து முடித்துவிட்டாள். மூன்றாவதைப் படித்ததும் சாப்பிட்ட கையோடு எழுந்தாள். கடலுக்குள் ஒட்டுக்கேட்கச் செய்த அட்டைக்குக் கல்யாண மண்டபத்தில் என்ன வேலை?

கடலிலிருந்து வரும் வடத்தில் ஒரு மின்னளவியை மாட்டினாள். உணவுக்கூடத்துப் பக்கம் திரும்பி, சமையல் பொறுப்பிலிருந்த ஹாஜாவைக் கூப்பிட்டாள்.

"ஹாஜா பாய், அந்த இட்லிக் கொப்பரைய நாலு தட்டு தட்டுங்க."

அவர் கரண்டியால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அளவியின் முள் துள்ளி விழுந்தது. பிலோமினா அளவியைக் குற்றாலிங்கத்தின் பக்கம் திருப்பினாள்.

"வடத்துல மின்சாரம் மேல வரல அண்ணாச்சி. கீழ போகுது."

சங்கதி இவ்வளவுதான். அட்டை செய்த தொழிற்சாலை, மண்டபத்து அட்டைக்கும் கடல் அட்டைக்கும் சோம்பேறித்தனமாக ஒரே அடையாள எண்ணைக் கொடுத்திருந்தது. எண்ணைப் பார்த்த இயக்கி, தான் ஒரு மண்டபத்தில் இருப்பதாக முடிவு கட்டிவிட்டது. மண்டபம் என்றால் மேடையில் ஒரு மைக், அட்டையில் வடம் செருகும் மற்ற துளையெல்லாம் ஒலிபெருக்கி. ஆகவே உணவுக்கூடத்து மைக்கை மேடையாக்கி, கடற்செவியை வாயாக்கிவிட்டது. சத்தம் பட்டால் மின்சாரம் தரும் படிகம், மின்சாரம் பட்டால் சத்தம் போடும்.

ஹாஜா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன வருசமா இங்க பேசுனது, நான் பாடுனது எல்லாம்..."

"கடலு பூரா கேட்டிருக்கும் பாய்."

குற்றாலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மாலையில் பனித்துளை உறைந்துவிடும், ஊமைக் கடல் என்றென்றைக்கும் ஊமையாகவே இருக்கும். அவருடைய பேரும் நிலைக்கும். அது பிலோமினாவுக்கும் தெரிந்திருந்ததால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தும்மா" என்றார் அவர். "முட்டாளாகணும்னா இன்னைக்கே ஆயிட்டுப் போறேன்."

இயக்கியில் ஒரே ஒரு வரி. இது மண்டபம் அல்ல, இந்தத் துளை காது. அவள் அதை எழுதி, இயக்கியை நிறுத்தி, மறுபடி ஏற்றினாள்.

முதலில் இரைச்சல் வந்தது. உயிருள்ள, ஈரமான இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்கு ஆழம் வந்தது. எங்கோ வெகுதொலைவில் பனிப்பாறை முனகியது. அந்த முனகல் நிலவின் அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்து அவர்கள் காலடியைக் கடந்து போயிற்று. இப்படியொரு பெரிய இடம் ஒவ்வொரு நாளும் தங்கள் தட்டுகளுக்குக் கீழே விரிந்து கிடந்ததை அவர்கள் அறியவே இல்லை. பிலோமினா அழுதாள். கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

டொங்.

கொப்பரைச் சத்தம். ஆனால் ஹாஜாவின் கை சும்மா இருந்தது. நாலு தட்டு, நிதானமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொலைவிலிருந்து வந்தது. அதன் பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நான் இல்ல" என்றார் குற்றாலிங்கம். ஆனால் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கியது அவருடைய குரலேதான். "பழைய பதிவு ஏதோ ஓடுது, நிறுத்தும்மா" என்று பிலோமினாவிடம் சொன்னார்.

"பதிவு இல்ல அண்ணாச்சி. கேளுங்க."

"கீழே அனைவரும் நலம்" என்றது கடல். "மேலே யாரும் இல்லை."

அவர் குரலில், அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சொற்களை மட்டும் இடம் மாற்றி. சொல்லி முடித்ததும் சற்றுத் தள்ளி இன்னொரு குற்றாலிங்கம் அதையே சொன்னார். அதற்கும் அப்பால் இன்னொருவர். நலம், நலம் என்று அந்த அறிக்கை கடலுக்குள் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"நம்ம சொன்னதுக்குத் தெனமும் பதில் சொல்லியிருக்காவ" என்றாள் பிலோமினா. "நம்மகிட்ட இருந்து ஒரு மறுசொல்லும் போகல."

குரல்கள் தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்தன. அறிக்கை முடிந்தால் எழுந்து போகும் பழக்கத்தையும் அவை இங்கிருந்தே கற்றிருக்க வேண்டும்.

அட்டையின் அந்தத் துளை ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும், கேட்கும் அல்லது பேசும். பிலோமினா சற்றுமுன் எழுதிய வரியை அவசரமாக அழித்தாள். பனிக்கூடம் மறுபடி கல்யாண மண்டபமாயிற்று. கடல் சட்டென்று ஊமையானது. வெப்பத்தை நிறுத்தும் விசையின்மேல் ஹாஜா இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து வைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அவள் மைக்கைக் குற்றாலிங்கத்தின் முன் நகர்த்தினாள். அவர் வழக்கம்போலச் செருமினார். பழகிய நாக்கில் பழைய வாக்கியம்தான் ஏறி வந்தது. அதை விழுங்கிவிட்டு மைக்கை இன்னும் நெருங்கினார்.

"மேலே நாங்க இருக்கோம்" என்றார்.

கீழே யாராவது இன்னும் நின்று கேட்டார்களா என்று அறிய, பிலோமினா மறுபடியும் அந்த வரியை எழுதத் தொடங்கினாள்.