கருப்பம்மா பெயரில்

தீயில் வாட்டிக் கொன்ற கிருமி நகராது. பெரகல சந்தி ஆய்வுகூடத்தில் எட்டு வருடமாகச் சளி பார்க்கும் ஜீவராணிக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் கண்ணாடித் துண்டில் ஒன்று நகர்ந்தது.

அது அவளுடைய சளிதான். மூன்று வாரமாக விடாத இருமல். காசநோய் என்றால் வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, எட்டு மாதப் பிள்ளை சுதா இரவெல்லாம் தன் மார்பிலேயே கிடந்து தூங்குகிறாளே என்ற பயம்தான் நெஞ்சை அடைத்தது. யாருக்கும் தெரியாமல் பார்த்துவிடலாம் என்று சளி டப்பாவில் கருப்பம்மாவின் பெயரை எழுதினாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயம்மா அவள். போன மாதம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். செத்தவள் கேட்டுக்கொண்டா வரப்போகிறாள்?

காலையில் சாதாரண நுணுக்குக்காட்டியில் எண்ணெய்ச் சொட்டு வைத்து நூறு இடம் தேடினாள். காசநோய்க் கிருமியின் சிவப்புக் குச்சி ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் கிருமி குறைவாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால்தான் மினுங்கும் சாயம் போட்ட இரண்டாவது கண்ணாடியோடு இருட்டறைக்கு வந்து, திரையை இழுத்துவிட்டு, ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்தாள். தகரக் கூரையில் மத்தியான மழை கொட்டிக்கொண்டிருக்க, சாய நெடிக்குள் எங்கிருந்தோ வெற்றிலையும் பிள்ளைப் பவுடரும் கலந்து வீசியது. ஆயம்மாவின் மடி வாசனை.

இருட்டில் பச்சைக் குச்சிகள் நூறு, இருநூறு. எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. அவள் மூச்சுவிட்டால் அசைந்தன. மூச்சைப் பிடித்தாள். நின்றன.

நுணுக்குக்காட்டியின் விளக்கை அணைத்தாள். அவை அணையவில்லை.

"ஜீவா அக்கா," வெளியே வரவேற்பு மேசையிலிருந்து ரிஸ்கா கூப்பிட்டாள். "ரிப்போட்டு எடுக்க ஒரு அம்மா வந்திருக்காங்க."

"பேரு?"

"கருப்பம்மாவாம்."

"நாளைக்கு வரச் சொல்லு."

"போக மாட்டேங்குறாங்க அக்கா. கையில பச்சப்புள்ள வேற, தெப்பமா நனைஞ்சிருக்கு. நம்ம சுதா மாதிரியே இருக்கு."

காலையில் பிள்ளைக்காம்பராவில் விட்டு வந்த சுதா. ஜீவராணி எழப் பார்த்தாள். கால் வரவில்லை. கத்தப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

திரைக்கு அப்பால் ஒரு கிழட்டு இருமல் பதில் சொன்னது. அதன் பின்னால் இன்னொன்று. மிகச் சின்ன இருமல்.

திரைக்கு அடியில் இரண்டு ஈரப் பாதங்கள் வந்து நின்றன.

"என் பேருல உள்ளதத் தா கண்ணு. அத நீ புள்ளைக்கிட்டதான் குடுத்திருக்க."

திரை விலகியது. அழுவதற்காகத் திறந்த சுதாவின் வாய்க்குள், இருட்டில், அதே பச்சைக் குச்சிகள் மினுங்கின.