வலது பக்கம் தண்ணி போகாது!

டிர்ர்ர்ரிங்...!

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்து. போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரி, வாயிலிருந்த சாத்தூர்க் காராச்சேவை அவசரமாக விழுங்கிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"அம்மா... கொலை! திருத்தங்கல்ல ஒரு கொலை நடக்கப் போகுது!"

துணியை வாயில் வைத்துப் பேசும் ஆண் குரல்.

"யாரு யாரக் கொல்லப் போறா?"

"ஃபோர்மேன் முத்துராமலிங்கம் ஒரு தெருவையே கொல்லப் போறாரும்மா! வீட்டு வாசல்ல லாரிய நிறுத்தி, டீசல் டேங்கைக் கழட்டி, வெல்டிங் வைக்கப் போறாரு. வெடிச்சா பத்து வீடு போயிரும்!"

"நீ யாருய்யா?"

டொக்!

கான்ஸ்டபிள் மணிகண்டராஜ் கொட்டாவி விட்டார்.

"டீசலையெல்லாம் வடிச்சிட்டுத்தானம்மா வைப்பாரு? காலி டேங்கு என்ன செய்யப் போகுது?"

"காலி டேங்குதான்யா எமன்! உள்ள டீசல் ஆவி நிக்கும். பொறி பட்டா போதும். எடு ஜீப்ப!"

பதினைந்தே நிமிடம்.

தெருவில் ஒரு மினி லாரி. லாரிக்கு அடியிலிருந்து நீண்டிருந்தன இரண்டு கால்கள்.

அசைவில்லை!

"போச்சும்மா... லேட்டாயிட்டோம்!" மணிகண்டராஜ் தொப்பியைக் கழற்றினார்.

கால்கள் பேசின.

"ஏலே ராக்கப்பா, பதிமூணாம் நம்பர் ஸ்பானரக் கேட்டு எம்புட்டு நேரமாச்சு?"

மணிகண்டராஜ் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

கால்களைத் தொடர்ந்து முழு முத்துராமலிங்கமும் வெளியே வந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருட ஃபோர்மேன். லாரி அவருக்குச் சொந்தம். ஓடுவது அதே கம்பெனிக்கு. கம்பெனியில் அவர் புலி! உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க செப்புத் தகட்டைத் தொடாமல் எவனாவது வெடிமருந்தில் கை வைத்தால், அன்றைக்கு அவனுக்கு வேலை கிடையாது. சாயந்திரம் கேட்டில் நின்று ஒவ்வொரு தூக்குவாளியையும் திறந்து பார்ப்பார். ஒரு சிட்டிகை மருந்து வெளியே போகாது.

ஆனால் இன்று ஞாயிறு.

புலியின் வாயில் எரிகிற பீடி. பக்கத்தில் வாடகைக்கு எடுத்த வெல்டிங் மெஷின்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள் ஞானசுந்தரி.

"டேங்குல கீறல்மா. சோப்பை அப்பி ஒரு வாரம் ஓட்டினேன். நாளைக்கு லோடு இருக்கு. அதான் நாமளே வச்சிரலாம்னு..."

"வெடிக்கும்னு தெரியாதா?"

"மருந்தோட இருபத்திரெண்டு வருசம் குடும்பம் நடத்துனவன்மா நான். டீசலெல்லாம் நமக்கு நன்னாரி சர்பத்து!"

வாசலில் நின்ற அவர் மனைவி பஞ்சம்மாள் வெடித்தாள்.

"நல்லாக் கேளுங்கம்மா! கம்பெனியில அம்புட்டுச் சட்டம் பேசுவாக. வீட்டுக்கு வந்தா கேஸ் அடுப்புல பீடி பத்த வைப்பாக!"

லாரி டிரைவர் ராக்கப்பன் சட்டை நனைய வியர்த்துக்கொண்டு நின்றான்.

"நான் காலையில இருந்து சொல்லுதேன்மா. கழட்டாதீக அண்ணாச்சி, அப்படியே பட்டறைக்கு ஓட்டிட்டுப் போறேன்னா கேக்க மாட்டேங்காரு!"

"கழட்டட்டும். ஆனா நான் சொல்றபடி."

ஞானசுந்தரி பீடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டாள்.

ஸ்ஸ்ஸ்!

"மொதல்ல பேட்டரி வயரக் கழட்டுங்க."

"நெகட்டிவ் மொதல்லம்மா!" என்றான் ராக்கப்பன்.

"டீசல வடிங்க."

"பிளாஸ்டிக் வாளி வேண்டாம்மா, இரும்பு கேன்! வடிச்சதும் தூரமாக் கொண்டு வைக்கணும்!"

"குழாய் வாயில துணியடைச்சு, அடியில ஜாக்கி குடுங்க."

"ஜாக்கி மேல பலகை வைங்க! டேங்கப் பிடிச்சிருக்க ரெண்டு பட்டையையும் மெதுவா... ஐயோ, மெதுவா அண்ணாச்சி... சுத்தியல் தொடாதீக!"

ஞானசுந்தரியின் பார்வை டேங்கில் இல்லை. ராக்கப்பன் மேலேயே இருந்தது.

டேங்க் இறங்கியது. முத்துராமலிங்கமும் மணிகண்டராஜும் தூக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. கேனில் வடிந்தது நாலே லிட்டர்... டேங்க்கோ அம்மிக்கல்லாகக் கனத்தது!

"ஏம்மா, இதுவா காலி டேங்கு?" மணிகண்டராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஞானசுந்தரி குனிந்து, விரல் முட்டியால் டேங்க்கின் இடது பக்கம் தட்டினாள்.

டங்!

வலது பக்கம் தட்டினாள்.

தொப்!

அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

"சரி அண்ணாச்சி. டேங்கு நெறையத் தண்ணிய ஊத்துங்க. தண்ணி நின்னா ஆவிக்கு எடமில்ல. கீறல் நடுவுலதான? தாராளமா வெல்டிங் வைங்க!"

"அப்படிச் சொல்லுங்கம்மா!" முத்துராமலிங்கம் வெல்டிங் மெஷினிடம் ஓடினார்.

"வேண்டாம்மா...!" ராக்கப்பன் அலறினான். "எம்புட்டு ஊத்துனாலும் வலது பக்கம் தண்ணி போகாதும்மா!"

ஞானசுந்தரி அவன் பக்கம் திரும்பினாள்.

"வலது பக்கம் ஏன் போகாது ராக்கப்பா?"

ராக்கப்பன் ஒரு எட்டு பின்னால் வைத்தான். மணிகண்டராஜின் வயிற்றில் மோதி நின்றான்.

டேங்க்கைத் திருப்பினார்கள். லாரியின் உள்பக்கம் பார்த்து இருந்த டேங்க் சுவரில் ஒரு மூடி. ஆறு திருகு. ராக்கப்பனே பொறி பறக்காத பித்தளைத் திருப்புளி கொண்டுவந்து கழற்றினான்.

உள்ளே குறுக்கே ஒரு தகடு. தகட்டுக்கு அந்தப் பக்கம் பொட்டலம் பொட்டலமாக... கலந்து வைத்த பட்டாசு மருந்து!

முத்துராமலிங்கம் ஒன்றை முகர்ந்தார். முகம் வெளுத்தது.

"இது... எங் கம்பெனி மருந்தும்மா! எங் கேட்டத் தாண்டி எப்படி...?"

"அத்தன பேரு தூக்குவாளியையும் தொறந்து பாத்தீக அண்ணாச்சி. உங்க லாரியப் பாத்தீகளா?"

அவர் தன் லாரியைத் திரும்பிப் பார்த்தார். 

"ஆறு மாசமா லைசென்ஸ் இல்லாமப் பட்டாசு செய்யிற செட்டுக்குக் குடுக்கேன்மா..." ராக்கப்பன் தேம்பினான். "நேத்துச் சாயந்திரம் ஏத்துனது. இன்னைக்கு எறக்கலாம்னு வந்தா, அண்ணாச்சி லாரிக்கு அடியில கெடக்காரு! வெல்டிங்குங்காரு! நான் வேற யாருக்கும்மா போன் பண்ணுவேன்?"

"போன் பண்ணுனதும் இவன்தானா!" மணிகண்டராஜ் விலங்கை மாட்டினார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"பதினோரு வருசமா இந்தப் பக்கம் வேல பாக்கேன்யா. பாதுகாப்புப் பத்தி இம்புட்டுப் பதறுன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். சந்தேகம் வருமா, வராதா?"

முத்துராமலிங்கம் தள்ளாடி, திறந்து கிடந்த டேங்க் மேலேயே உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து இன்னொரு பீடி வெளியே வந்தது.

"மனசே சரியில்லம்மா... ஒரு இழுப்பு இழுத்தாத்தான்..."

தீப்பெட்டியில் குச்சி உரசியது.

சரக்!

பஞ்சம்மாள் ஒரு வாளித் தண்ணீரையும் அப்படியே புருஷன் தலையில் கவிழ்த்தாள்!

குச்சி அணைந்தது. பீடி நமுத்தது. பத்து வீடும் தப்பியது.

"யோவ், இவரையும் ஏத்துய்யா!" ஞானசுந்தரி கத்தினாள். "எங்க அந்த ராக்கப்பன்?"

ராக்கப்பன் தெருவில் இல்லை.

விலங்கோடு ஓடிப்போய் ஜீப்பில் ஏறி, கதவை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, என்னைய எந்த ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க... அண்ணாச்சிய மட்டும் வேற ஜெயில்ல போடுங்க!"