வேண்டாம் கேட்கும் சுவர்

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, சமையல் மேடையிலிருந்த சர்க்கரை டப்பாவைக் காணோம். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் குப்பைக் கதவு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கதவுதான் இந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பெருமை. வீடு காட்ட வந்த விற்பனைக்காரன் அதன் முன்னால் நின்று கைதட்டாத குறை. "குப்பையைத் தூக்கிட்டு இறங்கவே வேணாம் மேடம். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை வீடு பாத்துக்கும்." வெளியே பார்த்தால் பளபளவென்று கண்ணாடி, உள்ளே சமையலறைக்கு ஒரு ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். கதவுக்குப் பின்னால் அடித்தளம்வரை இறங்கும் குழாய். அதிலிருந்து புதுப் பிளாஸ்டிக் வாடையும், அதற்கு அடியில், தூங்கி எழுந்த வாயின் சூடும் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும்.

அவள் தையற்காரி. கிழிந்ததைத் தைப்பதும் இறுகியதைப் பிரித்து விடுவதும்தான் பிழைப்பு. இங்கே வந்த நாள் முதல் ஈ ஓட்டுகிறாள். பட்டன் அறுந்தால் சட்டையே குழாய்க்குள் போய்விடுகிறது. ஊசியில் நூல் கோப்பதற்குள் வீடே வரவழைத்த புதுச் சட்டை வாசலுக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டாள்: "உங்க மாமனார் வாசல்லயே உக்காந்திருப்பாரே, ஆளையே காணோம்?"

எதிர்வீட்டுக்காரி தன் செருப்பைப் பார்த்தாள். "அவருக்கு எதைக் குடுத்தாலும் வேண்டாம், வேண்டாம்னுதான்..." மீதியைச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றே கணவரிடம் கறாராகச் சொன்னாள், அந்த வார்த்தை இனி இந்த வீட்டில் கூடாது என்று. அவர் சிரித்தார். "எது பேச்சு, எது குப்பைன்னு சுவருக்குத் தெரியாதா என்ன?" தெரியவில்லை என்பதுதான் அவள் பயமே.

வெள்ளிக்கிழமை மதியமே அவர் வேலையிலிருந்து திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்து ஓட்டிவந்த மெஷினைத் தூக்கிவிட்டார்களாம், கூடவே அவரையும். சமையலறைத் தரையில், குப்பைக் கதவு இருந்த சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள்.

"கம்பெனிக்கு நான் வேண்டாமாம்."

க்ளிக்.

ஒரு பாத்திரம் நுழையும் அளவுக் கதவுதான் அது. இப்போது பாதிச் சுவரே திறந்திருந்தது. சத்தமில்லை. அவர் இடுப்புவரை உள்ளே போயிருந்தார், முகம் மட்டும் அவளையே பார்த்தபடி. பாய்ந்து காலரைப் பிடித்தாள். அவள் தைத்த சட்டை. தையல் தாங்கியது. குழாய் இழுத்தது.

தொண்டைவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால் நம் வாயில் முதலில் வருவது அதுதானே? கெஞ்சுவதற்கும் அதுதான். நாக்கைக் கடித்தாள். ரத்தம் கரித்தது.

"வேணும்," என்றாள்.

இழுப்பு நின்றது.

"எனக்கு இவர் வேணும். யாருக்கு ஆகாட்டியும் எனக்கு வேணும். நீ தின்னது எல்லாமே வேணும். ஒண்ணு விடாம திருப்பிக் குடு." குரல் நடுங்கவில்லை.

குழாய் அவரைத் தரையில் துப்பியது. மூச்சு இருந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். ஆனால் கதவு மூடவில்லை. வெகு ஆழத்தில் ஏதோ புரண்டது. பிறகு ஏறத் தொடங்கியது. உரசல். நகம். மூச்சு. மாடி மாடியாக.

மேலும் கீழும் வீடு வீடாகக் குப்பைக் கதவுகள் திறந்தன. வேண்டாம், வேண்டாம் என்று அலறினார்கள். ஒவ்வொரு அலறலும் பாதியில் அறுந்தது.

அவள் எதிரே, விளிம்பை ஒரு கை பற்றியது. அவள் பின்வாங்கவில்லை. கேட்டவள் அவள்தான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். முழங்கை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு முழங்கை. அதற்கும் பின்னால் வேறு யாருடையதோ, வளையலோடு. பிடியை விடாமல் இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல்.